பால்கோவாவுக்குப் பிறகு ஒரு வாய் வெள்ளை ஒயின்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படியாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஊக்கம் என்னிடம் கைவசம் இல்லை. அனுபவம் இருக்கிறது, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் ஒயின் பரிமாறும் வேலையில் சேர்ந்து, எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் சேரும் என்று பெரிய மனிதர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன் நான். பெங்களூர், கோவா, நடுவில் கொஞ்ச காலம் கப்பல். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான ராஜபாளையத்துக்கே வந்துவிட்டேன். என் மனைவி சம்பந்தி வீட்டாரிடம் "ஹோட்டல்ல மேனேஜரா இருந்தாக" என்று சொல்லி வைத்திருக்கிறாள். டீக்கடையில் விவரம் தெரிந்த ஒருவர் மட்டும், "ஊத்திக் கொடுக்கதுக்கு ஒரு படிப்பா அண்ணாச்சி?" என்று கேட்டார். படிப்புதான் என்றேன். "அப்ப நம்ம ஊர்ல பாதிப் பேரு டாக்டரேட்டு" என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

இந்தப் படிப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெங்களூர் ஹோட்டலில் எனக்கு மேலே இருந்த ஒருவர். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஒருநாள் இனிப்புப் பீடா மென்றுகொண்டே வந்த ஒரு பெரிய முதலாளி, வெள்ளை ஒயின் கேட்டார். ஒரு வாய் குடித்தவுடன் முகம் அஷ்டகோணலாகி, "என்ன இது, கழுநீரா?" என்று கத்தினார். மேசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மேலே இருந்தவர் ஓடிவந்து, "மன்னிக்கணும், அந்தப் பாட்டில் சரியில்லை" என்று கிளாஸை எடுத்துக்கொண்டார். வெந்நீர் வந்தது, உப்புப் போட்ட முந்திரி வந்தது. முதலாளியின் மகன் எங்கே படிக்கிறான் என்று விசாரித்தபடி கொஞ்ச நேரத்தை ஓட்டினார். பிறகு அதே பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றினார். "இதுதான்யா ஒயின்" என்றார் முதலாளி. உள்ளே வந்ததும் என்னிடம், "கிளாஸுக்குள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். வாய்க்குள்ள ஏற்கெனவே என்ன இருக்குன்னு பார்க்கிறவன்தான் தொழில்காரன்" என்றார். அதை நான் வேதமாகவே வைத்துக்கொண்டேன். வேதம் படித்தவனுக்கெல்லாம் மோட்சம் கிடைத்துவிடுகிறதா என்ன.

இனிக் கணேசன் கதைக்கு வருகிறேன். மம்சாபுரத்துக்காரன். ராணுவத்தில் இருந்தவன். மகாராஷ்டிரத்தில் வேலை பார்த்தபோது முகாமைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். லீவு நாளில் போய் வேடிக்கை பார்த்தவனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ராணுவத்திலிருந்து வந்ததும் மற்றவர்கள் போலப் பேங்கில் காவலுக்குப் போகாமல், ஒரு ஒயின் ஆலையில் சேர்ந்து வேலை கற்றான். பிறகு கர்நாடக எல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வெள்ளைத் திராட்சை போட்டான். பக்கத்திலிருந்த சின்ன ஆலை அவன் பழத்தைப் பிழிந்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது. முதல் வருஷ ஒயினை ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றான். "நல்லால்லேன்னா நல்லால்லேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றான். அப்படிச் சொல்கிறவர்கள்தான் ரொம்ப நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அது நல்ல ஒயின். இதை நீங்கள் நம்பவேண்டும், ஏனென்றால் கடைசியில் நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன். துளி இனிப்பில்லை. மரத்திலிருந்து அப்போதுதான் பறித்த கிளிமூக்கு மாங்காயின் காம்பை முகர்ந்தால் வருமே, அந்த வாசனை. எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பச்சைப் புல். வாயில் வைத்தவுடன் தாடை இரண்டு பக்கமும் எச்சில் ஊறியது. விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக, அடுத்த கவளத்துக்குத் தயாராக இருந்தது. இந்த வகை ஒயினுக்கு இதற்கு மேல் ஒரு லட்சணம் கிடையாது. கணேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இன்னொரு வாய் குடித்தேன். அப்போதுதான் சிரித்தான்.

நல்ல ஒயினாக இருந்து என்ன, வாங்க ஆள் வேண்டுமே. மூன்று வருஷம் அங்கும் இங்கும் அலைந்தான். தமிழ்நாட்டில் ஒயின் விற்பதும் ஒன்று, பாலைவனத்தில் குடை விற்பதும் ஒன்று. கடைசியில் ஒரு வாய்ப்பு வந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் ஒரு ஹோட்டல் கம்பெனி ரிசார்ட் கட்டப் போவதாகவும், இந்தப் பக்கத்துச் சாப்பாட்டோடு சேரும் ஒயின் ஒன்றைத் தங்கள் எல்லா ஹோட்டல்களுக்கும் தேடுவதாகவும் தகவல். அவர்கள் எடுத்துக்கொண்டால் ஆலை தொடர்ந்து பிழிந்து கொடுக்கும், தோட்டத்துக்காரர் குத்தகையை நீட்டிப்பார். எடுக்காவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி போடுவதாகத் தோட்டத்துக்காரர் சொல்லிவிட்டார். கணேசன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, சாப்பாட்ட நீங்க பாத்துக்கிடணும்" என்றான்.

ஒத்திகைக்கு என் வீட்டு அடுப்படிதான். சமைத்தவள் கணேசன் மனைவி மாரித்தாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள், கை மணம் உள்ளவள். ஒயினைத் தொட்டும் பார்க்க மாட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள். மிளகாய்ப் பொடி போட்ட மீனோடு குடித்தால் ஒயின் தொண்டையில் தீயாகப் பற்றியது, ஆகவே பொடியை நீக்கி உப்பு, மிளகு, எலுமிச்சை மட்டும் போட்டு விராலை வறுத்தோம். புளிக்குழம்பு ஒயினின் புளிப்பைத் தின்றுவிட்டு அதைச் சப்பென்று ஆக்கியது, ஆகவே புளி வெளியே போனது. மெதுவடை பிரமாதமாகச் சேர்ந்தது. எண்ணெயும் உப்பும் இருக்கிற இடத்தில் இந்த ஒயின் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றது மாரித்தாயின் சொதி. தேங்காய்ப்பால், இஞ்சி, கடைசியில் எலுமிச்சைச் சாறு. இடியாப்பத்தில் அதை ஊற்றி ஒரு வாய், மேலே ஒயின் ஒரு வாய். எத்தனையோ ஊரில் எத்தனையோ விருந்துகளில் பரிமாறியிருக்கிறேன், இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. இந்த வயதில் அது தேவையில்லாத சந்தோஷம்.

விருந்து ராஜபாளையத்தில் பார் லைசென்ஸ் உள்ள ஒரு ஹோட்டலின் மாடி அறையில். கம்பெனியிலிருந்து மூன்று பேர். முடிவெடுக்கிறவர் சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மணி, ருசி தெரிந்த நாக்கு உள்ளவர், கெட்டிக்காரி. மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். நான் உள்ளே ஐஸ் வாளியில் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்தால், மூன்று பேர் கையிலும் பட்டர் பேப்பர். அதில் சூடு ஆறாத பால்கோவா.

மாரித்தாய் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அடுப்பிலிருந்து இறங்கியதும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரும் அவளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிளகாயைப் பேசினோம், புளியைப் பேசினோம், இனிப்பைப் பேச எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? எங்கள் பக்கம் வாசலில் கொடுக்கிற இனிப்பு சாப்பாட்டுக் கணக்கில் சேராது. முதல் தடவை வருகிறவர்களை வெறுங்கையோடு உள்ளே விடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் நாக்குக்கு மரியாதை தெரியாது. அவ்வளவு இனிப்பு ஏறின வாயில் இனிப்பில்லாத ஒயின் எலுமிச்சம்பழத்தைக் கடித்தது மாதிரி இருக்கும். அது எந்தத் தேசத்து ஒயினாக இருந்தாலும் சரி.

பெங்களூரில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரை நினைத்துக்கொண்டேன். நேரம் கடத்தவேண்டும். "மொதல்ல உக்காருங்க, வெந்நீர் கொண்டுவாரேன், வடை சூடா இருக்கு" என்றேன். அம்மணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், வெயில் ஏறுறதுக்குள்ள ரிசார்ட் சைட்டைப் பார்க்கணும். ஒயினை ஊத்திருங்களேன்" என்றார். முடிவெடுக்கிறவர் ஊற்றச் சொன்னால் ஊற்றத்தானே வேண்டும். ஊற்றினேன். ஒரு வாய் வைத்துவிட்டு அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். "ரொம்ப ஆசிடா இருக்கே" என்றார். கணேசன் ராணுவத்தில் நிற்பது போலச் சுவரோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தான்.

நான் விடவில்லை. வெந்நீர் கொடுத்தேன், வடை கொடுத்தேன், மலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினேன். இரண்டாம் தடவை குடித்தபோது, "இப்போ பரவாயில்லை" என்றார். விரால் வறுவல் வந்தது. அம்மணி தானாகவே கிளாஸை எடுத்தார். தானாகக் கை கிளாஸுக்குப் போகிறதா என்று பாருங்கள், வாய் சொல்வதை நம்பாதீர்கள். பிறகு இடியாப்பமும் சொதியும். ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு வாய் குடித்து, அம்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஒரு வாய். "இதை யாரு யோசிச்சது?" என்றார். கணேசன் சுவரை விட்டு முன்னால் வந்தான். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அந்தச் சிரிப்பை மாரித்தாயும் பார்த்துவிட்டாள். விருந்தாளி மனம் குளிர்ந்துவிட்டது, இனி என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? பால்கோவாப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். நான் அவசரமாக, "பொறவு வைம்மா, பொறவு" என்றேன். நான் கூச்சத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அம்மணியும், "அய்யோ, போதும்மா" என்றார். எங்கள் ஊரில் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் என்று அர்த்தம். "கூச்சப்படாதிய, இம்புட்டுத்தான, நம்ம ஊருக்கு வந்துட்டு வேண்டாங்கலாமா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய விள்ளலை அவர் தட்டில் வைத்தாள். வைத்தவள் நகராமல், அவர் வாயில் போடும்வரை பக்கத்திலேயே நின்றாள். அவரும் போட்டுக்கொண்டார். ருசித்தார். அப்புறம் பழக்கத்தில் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அவர் முகம் போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை. இனி மழுப்பிப் பயனில்லை என்று தெரிந்து, மாரித்தாய் அடுக்களைப் பக்கம் போன பிறகு உள்ளதைச் சொன்னேன். "மேடம், ஒயின்ல குறை இல்லை. இனிப்புக்கு மேல குடிச்சா, இனிப்பில்லாத ட்ரை ஒயின் எதுவும் இப்படித்தான் இருக்கும். செத்த நேரம் பொறுத்துச் சொதியோட திரும்ப ஒரு தடவை பாருங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகக் கேட்டார்: "சார், நீங்க சொல்றது எனக்குத் தெரியும். சொதியோட அருமையா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வர்ற எங்க கெஸ்ட் முதல்ல என்ன சாப்பிடுவாங்க? நீங்களே சொல்லுங்க. கடைசியா என்ன சாப்பிடுவாங்க? பையில என்ன வாங்கிட்டுப் போவாங்க? அவங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் நீங்க வெந்நீரோட நிக்க முடியுமா?"

பிள்ளைகளே, வாடிக்கையாளர் முட்டாளாக இருந்தால் அதற்கு ஆயிரம் வழி சொல்லித் தருவேன். சொல்வது நியாயமாக இருந்தால் என்ன செய்வது என்று என் சர்வீஸில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வேறே இனிப்பான ஒயின் ஒன்று வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து மாரித்தாயிடம், "உங்க உபசாரம் ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. எங்க ரிசார்ட் வாசல்லயும் இப்படியே எல்லார் கையிலயும் பால்கோவா குடுக்கச் சொல்றேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். மாரித்தாய்க்கு முகமெல்லாம் பூரிப்பு. மிச்சமிருந்த பொட்டலத்தையும் அவர்கள் காரில் வைத்துவிட்டு வந்தாள்.

அவளைத் தாய் வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கணேசன் என்னோடு காலி அறையில் உட்கார்ந்தான். பாட்டிலில் ஒயின் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி, என்ன காரணம்னு அவகிட்டச் சொல்லிராதிய" என்றான். சொல்லமாட்டேன் என்றேன். "சொன்னா அவ உடைஞ்சு போவா. அது கூடப் பரவால்ல. பொறவு யாரு வீட்டுக்கு வந்தாலும் ஒண்ணு கொடுக்க அவளுக்குக் கை வராது" என்றான். எனக்கு அழுகை வந்தது. அந்த வயதில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், அது ஒன்றும் ரகசியமில்லை.

இதில் உங்களுக்குப் பாடம் என்ன என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் தேடிப் பார்த்தேன். இனிப்புக்குப் பிறகு ட்ரை ஒயினை ஊற்றாதே என்று சொல்லலாம். அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். ஒயின் நன்றாக இருந்தது. சமைத்தவள் நன்றாகச் சமைத்தாள். வாங்க வந்தவர் நியாயமானவர். கொடுத்த இனிப்பு இந்த ஜில்லாவிலேயே சிறந்தது. எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள், ஒரு மனிதனின் உழைப்பு ஒரு காலைப் பொழுதில் மண்ணாகப் போனது. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாலாவது மனசு ஆறும். இந்தத் தொழிலில் அப்படி ஆள் கிடைக்காத நாட்களும் உண்டு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு நான் ஒருவருக்கும் ஒயின் விஷயத்தில் யோசனை சொல்லப் போகவில்லை. கூப்பிட்டார்கள், முடியாது என்றுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மாரித்தாய் கையில் பால்கோவா, வேறென்ன. உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்: "அண்ணாச்சி, உள்ளதச் சொல்லுங்க. அன்னைக்கு எல்லாரும் சிரிச்ச முகமாத்தான போனாவ? பொறவு ஏன் வேண்டாம்னுட்டாவ? இவியகிட்டக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. என் சமையல்ல எதும் கொறையா?"

கணேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாழ்நாளில் கெட்ட ஒயினை நல்லது என்று விற்றிருக்கிறேன், பிழைப்புக்கு எல்லாரும் செய்வதுதான். நல்ல ஒயினைக் கெட்டது என்று சொன்னது கிடையாது.

"உன் சமையல்ல ஒரு கொறையும் இல்லம்மா. ஒயின்தான் சரியில்ல. புளிப்புத் தூக்கலா இருந்துச்சு" என்றேன்.

அவள் கணேசனைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல், "ஆமாட்டி. புளிப்புத்தான். நான்தான் பழத்தச் சீக்கிரம் பறிச்சுட்டேன்" என்றான். பழத்தை எப்போது பறிக்கவேண்டும் என்று ராத்திரி பகலாகத் தோட்டத்திலேயே கிடந்தவன் அவன். அவன் வாயால் அதைக் கேட்பது எனக்குக் கொடுமையாக இருந்தது.

மாரித்தாய் பெருமூச்சு விட்டாள். அவள் முகம் தெளிந்தது. "நான் முன்னமே நெனச்சேன் அண்ணாச்சி. ஒருநாள் இவியளுக்குத் தெரியாம ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். அப்பவே புளிப்பாத்தான் இருந்துச்சு. சொன்னா மனசு விட்டுருவாவன்னு சொல்லாம இருந்துட்டேன்" என்றாள். பிறகு கணேசன் தோளில் கை வைத்து, "இதுக்குப் போயா இம்புட்டு வருத்தம்? அடுத்த வருசம் பழத்த நல்லா இனிக்க விட்டுப் பறிங்க, சரியாப் போவும்" என்றாள்.

கணேசன் சரி என்று தலையாட்டினான். தோட்டத்தில் கொடிகளைப் பிடுங்கி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதை அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.